பக்கத்து அணு சும்மா இருப்பதில்லை

ஆர்கான் எதனோடும் ஒட்டாத வாயு. நாம் இழுக்கும் மூச்சில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு அதுதான். உள்ளே போய் ஒன்றும் செய்யாமல் அப்படியே திரும்பி வருகிறது. வெல்டிங் பட்டறையில் உருகும் உலோகத்தில் காற்றுப் படாமலிருக்க அதைப் பாய்ச்சுவதும் இந்தக் குணத்துக்காகவே. ஆனால் மிகவும் குளிரவைத்தால் இரண்டு ஆர்கான் அணுக்கள் அருகருகே நின்றுகொள்ளும். இரண்டின் கருக்களுக்கும் நடுவே 3.8 ஆங்ஸ்ட்ராம் தூரம். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிக் கூறாக்கினால் வருவது ஓர் ஆங்ஸ்ட்ராம். இரண்டையும் பிணைத்து வைத்திருக்கும் ஆற்றல் வெறும் 0.012 எலக்ட்ரான் வோல்ட். நீர் மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிய்த்தெடுக்க 5 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அதோடு ஒப்பிட்டால் ஆர்கான் ஜோடியின் உறவைப் பிணைப்பு என்று சொல்லவே தயக்கமாக இருக்கும். அறை வெப்பத்தில் அலையும் இன்னோர் அணு வந்து இடித்தாலே போதும், ஜோடி பிரிந்துவிடும்.

இப்படிப்பட்ட ஜோடியின் அருகே, ஒன்பது எலக்ட்ரான்களை இழந்த ஓர் அயனி விரைந்து கடந்து போனால் என்ன ஆகும்? எலக்ட்ரான்கள் பறிபோகும், மிஞ்சிய இரண்டு அணுக்களும் நேர் மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்கிப் பறக்கும் என்பது எளிய பதில். பதில் சரிதான், ஆனால் பாதிதான். எந்த அணுவிலிருந்து எத்தனை எலக்ட்ரான் போனது, போன உடனேயே ஜோடி உடைந்ததா, அல்லது சற்றுக் காத்திருந்து உடைந்ததா, அடிபடாத அணு அந்த இடைவேளையில் என்ன செய்தது என்பவைதான் உண்மையான கேள்விகள். கடந்த பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பாவிலும் சீனாவிலும் சில ஆய்வகங்கள் இவற்றுக்கு ஒவ்வொரு மோதலாகப் பிடித்துப் பதில் தேடி வருகின்றன. அந்த வேலை முழுவதையும் ஒரே வரியில் சொல்வதானால், அடிபட்ட அணுவின் கதையை அதன் பக்கத்து அணுவை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது என்பதே.

தனி அணுவை அயனி மோதும்போது என்ன நடக்கிறது என்பது ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த விஷயம். மறுபக்கம், நீரிலோ உயிருள்ள செல்லிலோ ஓர் அயனி நுழைந்தால் ஒரே கணத்தில் ஆயிரம் நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. எது எதற்குக் காரணம் என்று பிரித்தறிவது கடினம். இரண்டுக்கும் நடுவில் நிற்பவை சிறு கொத்துகள். இரண்டு அணு, மூன்று அணு, இரண்டு மூலக்கூறு. ஓர் அணுவுக்கு ஒரே ஓர் அண்டை வீடு இருக்கும் நிலைதான் சூழல் என்று சொல்லத்தக்க மிகச் சிறிய அமைப்பு. ஆய்வாளர்கள் டைமர் என்று சொல்லும் இந்த ஜோடியை இவ்வளவு பாடுபட்டு ஆராய்வது இதனால்தான்.

கருவியின் வேர் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் இருக்கிறது. 1922-இல் ஓட்டோ ஸ்டெர்னும் வால்ட்டர் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களைக் கற்றையாக்கிக் காந்தப்புலத்தில் இரண்டாகப் பிரித்துக் காட்டியது அந்த நகரில்தான். வெற்றிடத்தில் அணுக்களை ஒரே திசையில் ஓடவிட்டு, அவை எவ்வளவு விலகுகின்றன என்பதிலிருந்து அவற்றுக்கு நேர்ந்ததை அறியும் கலை அது. அதே நகரின் பல்கலைக்கழகத்தில் ஹார்ஸ்ட் ஷ்மிட் போக்கிங்கும் அவரோடு பணியாற்றிய இளையவர்களும், குறிப்பாக ரைன்ஹார்ட் டோர்னர், யோவாகிம் உல்ரிக் ஆகியோரும், 1980-களின் பிற்பகுதியிலிருந்து 1990-கள் வரை வளர்த்தெடுத்த கருவிக்கு ரியாக்‌ஷன் மைக்ராஸ்கோப் என்று பெயர். பெயரில் மைக்ராஸ்கோப் இருந்தாலும் அதில் வில்லையும் இல்லை, ஒளியும் இல்லை. உடைந்து சிதறும் துண்டுகள் ஒவ்வொன்றின் உந்தத்தையும், அதாவது நிறையும் திசைவேகமும் பெருக்கி வருவதை, மூன்று திசைகளிலும் அளக்கிறது. உந்தங்கள் கையில் இருந்தால் உடைந்த கணத்தை மறுபடி கட்டியெழுப்பலாம்.

முதல் தேவை, மோதலுக்கு முன் இலக்கு அசையாமல் இருப்பது. அறை வெப்பத்தில் ஆர்கான் அணுக்கள் எல்லாத் திசையிலும் விநாடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் அலைகின்றன. அந்த அலைச்சல் இருந்தால் மோதலால் வந்த சிறு உந்தம் அதில் கரைந்துபோகும். அதனால் பல வளிமண்டல அழுத்தத்தில் வைத்த வாயுவை, தலைமுடியைவிட மெல்லிய துளை வழியாக வெற்றிடத்துக்குள் பீய்ச்சுகிறார்கள். விரியும் வாயு தன் வெப்ப ஆற்றலை முன்னோக்கிய ஓட்டமாக மாற்றிக்கொள்கிறது. எல்லா அணுக்களும் விநாடிக்கு ஏறக்குறைய 550 மீட்டர் வேகத்தில் ஒரே திசையில் ஓடும். ஒன்றுக்கொன்று பார்த்தால் அநேகமாக அசைவே இராது. அந்த ஓட்டத்தோடு கூட ஓடும் ஒருவருக்கு அங்கே வெப்பநிலை சில கெல்வின்தான். இந்தக் குளிரில்தான் ஆர்கான் அணுக்கள் ஜோடி சேர்கின்றன. பீய்ச்சின் மையத்தை மட்டும் எடுத்துக்கொள்ள ஸ்கிம்மர் என்னும் கூர்முனைக் கூம்பு இருக்கிறது. அதன் வாய் வழியே நுழையும் மெல்லிய இழைக்குக் குறுக்கே அயனிக் கற்றை பாய்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் அந்த இழையில் ஜோடிகள் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் தேறும். மற்றதெல்லாம் தனி அணுக்கள்.

அயனிக் கற்றைக்குப் பிரான்ஸின் நார்மண்டிப் பகுதியிலுள்ள கான் நகரம் பேர்பெற்றது. அங்கே கனில் என்னும் பெரிய முடுக்கி நிலையத்தில், மெதுவான அயனிகளுக்கென்றே அரிப் என்ற தனிக் கற்றைப் பாதை இருக்கிறது. ஒன்பது எலக்ட்ரான்களை உரித்த ஆர்கானை அங்கே ஏவலாம். மெதுவான என்ற சொல் முடுக்கிக்காரர்களின் அளவுகோலில் மட்டுமே பொருந்தும். ஒன்பது மின்னூட்டம் கொண்ட ஆர்கான் அயனியை 15 கிலோவோல்ட் மின்னழுத்தத்தில் முடுக்கினால் அதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 800 கிலோமீட்டர். பத்து ஆங்ஸ்ட்ராம் தூரத்தைக் கடக்க அதற்கு ஒரு ஃபெம்டோ விநாடிக்குச் சற்று மேல் ஆகும். ஃபெம்டோ விநாடி என்பது விநாடியில் கோடி கோடியில் ஒரு பங்கையும் இன்னும் பத்தாகப் பிரித்தது. ஜோடியின் இரண்டு அணுக்களும் ஒருமுறை விலகி நெருங்கி அதிர்ந்து முடிக்க அதைப்போல ஆயிரம் மடங்கு நேரம் வேண்டும். ஆகவே அயனி வந்து போகும் வரை ஜோடி உறைந்து நிற்கிறது என்றே கொள்ளலாம். எலக்ட்ரான்கள் போன பிறகுதான் கருக்களுக்குச் செய்தி எட்டுகிறது.

பிறகு விலக்கம் தொடங்குகிறது. ஒவ்வோர் அணுவும் ஓர் எலக்ட்ரானை இழந்திருந்தால் இரண்டும் ஒரே அளவு நேர் மின்னூட்டம் உடையவை. இரண்டு ஒற்றை மின்னூட்டங்களுக்கு இடையே தேங்கியிருக்கும் ஆற்றலைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு: 14.4 என்ற எண்ணை ஆங்ஸ்ட்ராமில் சொன்ன தூரத்தால் வகுத்தால் எலக்ட்ரான் வோல்ட்டில் விடை வரும். 14.4-ஐ 3.8-ஆல் வகுத்தால் 3.8. எண்கள் ஒத்துவருவது தற்செயல்தான், ஆனால் நினைவில் வைக்க வசதி. அந்த 3.8 எலக்ட்ரான் வோல்ட்டைச் சம எடையுள்ள இரண்டு அயனிகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு எதிரெதிர்த் திசையில் விநாடிக்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. இதற்குக் கூலூம் வெடிப்பு என்று பெயர்.

அறைக்குள் இருக்கும் மென்மையான மின்புலம் இரண்டு அயனிகளையும் ஒரு பக்கமாக இழுத்து உணர்கருவியின்மேல் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பயணம் சில மைக்ரோ விநாடி. ஐந்து மைக்ரோ விநாடி என்று வைத்துக்கொண்டால், உடைந்த அச்சு தட்டுக்கு இணையாக இருந்த ஜோடியின் அயனிகள் தட்டில் விழும் இடங்களுக்கு நடுவே 3 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். 3.8 ஆங்ஸ்ட்ராமாக இருந்த தூரம் 3 சென்டிமீட்டராக விரிந்துவிட்டது. எட்டுக் கோடி மடங்குக்கு நெருக்கமான உருப்பெருக்கம். வில்லை எதுவும் வைக்காமல், துண்டுகளின் சொந்த விலக்கமே இதைச் செய்கிறது. மைக்ராஸ்கோப் என்ற பெயர் அந்தக் கருவிக்குத் தகும் என்று நான் நினைப்பது இந்த ஒரு கணக்கினால்தான்.

தட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். உள்ளங்கை அளவுள்ள மெல்லிய கண்ணாடி வட்டு அது. அதில் மில்லியன் கணக்கில் நுண்துளைகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அகலம். அயனி ஒன்று ஒரு துளையின் சுவரில் மோதினால் சில எலக்ட்ரான்கள் தெறிக்கும். அவை சுவரில் மறுபடி மோதி மேலும் பலவற்றைத் தெறிக்கவைக்கும். அடுத்தடுத்து வைத்த இரண்டு வட்டுகளைக் கடப்பதற்குள் ஓர் அயனி பல லட்சம் எலக்ட்ரான்களாகப் பெருகி வெளியே கொட்டுகிறது. கீழே தாமதக் கம்பி என்னும் அமைப்பு காத்திருக்கிறது: சட்டத்தில் நெருக்கமாகச் சுற்றிய நீண்ட கம்பி. எலக்ட்ரான் குவியல் விழுந்த இடத்திலிருந்து மின்துடிப்பு கம்பியின் இரு முனைகளுக்கும் ஓடும். எந்த முனைக்கு முதலில் வந்தது, மற்றதற்கு எத்தனை நானோ விநாடி கழித்து வந்தது என்று பார்த்தால் விழுந்த இடம் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் தெரிந்துவிடும். குறுக்காக இன்னொரு கம்பி மற்றத் திசையைச் சொல்லும். வந்து சேர்ந்த நேரம் மூன்றாவது திசைக்கு உதவும். ஆக, ஓர் அயனிக்கு மூன்று எண்கள். அந்த மூன்றிலிருந்து அதன் உந்தம்.

நூற்றில் ஒன்றாக இருக்கும் ஜோடிகளை மற்றவற்றிலிருந்து பிரிப்பது எப்படி? இங்கேதான் உந்தம் மாறாமை விதி கைகொடுக்கிறது. குளிர்ந்த ஜோடிக்கு முதலில் குறுக்கு உந்தம் இல்லை. ஓடிப்போகும் அயனி அதற்குக் கொடுப்பதும் சொற்பம். எனவே ஒரே ஜோடியிலிருந்து வந்த இரண்டு துண்டுகளின் உந்தங்களும் கூட்டினால் பூஜ்யத்துக்கு அருகில் வரவேண்டும். வேறு வேறு அணுக்களிலிருந்து தற்செயலாக ஒரே சமயத்தில் வந்து விழுந்த இரண்டு அயனிகளுக்கு இந்தப் பொருத்தம் அமையாது. பொருத்தம் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடலாம். ஒரு சமயத்தில் ஒரே மோதல்தான் நடக்கிறது என்று உறுதியாக இருந்தால்தான் இந்தச் சல்லடை வேலை செய்யும். அதனால் கற்றையை வேண்டுமென்றே மங்கலாக வைத்து, நாள்கணக்கில் கருவியை ஓடவிட்டு, நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள்.

2010-இல் கான் நகரில் ஆர்கான் ஜோடியின்மேல் ஒன்பது மின்னூட்ட ஆர்கானை ஏவிய சோதனையின் முடிவுகள் வெளியாயின. இரண்டு ஒற்றை மின்னூட்ட ஆர்கான் அயனிகளாக உடைந்த நிகழ்ச்சிகளை மட்டும் எடுத்து, அவை வெளிவிட்ட மொத்த இயக்க ஆற்றலை வரைபடமாக்கினால் 3.8 எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு மேடு இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் 5.3 எலக்ட்ரான் வோல்ட்டிலும் ஒரு மேடு இருந்தது. 14.4-ஐ 5.3-ஆல் வகுத்துப் பாருங்கள்: 2.7 ஆங்ஸ்ட்ராம். வரைபடத்தை அப்படியே நம்பினால், சில ஆர்கான் ஜோடிகள் மோதலின்போது 2.7 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் நெருக்கிக்கொண்டு நின்றன என்று சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் அவ்வளவு நெருக்கத்தில் இரண்டு நடுநிலை ஆர்கான் அணுக்களின் எலக்ட்ரான் மேகங்கள் ஒன்றையொன்று கடுமையாகத் தள்ளும். அங்கே அவை நிற்கவே முடியாது.

விடை பக்கத்து அணுவில் இருந்தது. கடந்துபோன அயனி இரண்டு எலக்ட்ரான்களையும் ஒரே அணுவிலிருந்து பறித்திருக்கிறது. இப்போது ஒரு பக்கம் இரட்டை மின்னூட்ட ஆர்கான், மறுபக்கம் நடுநிலை ஆர்கான். இரண்டுக்கும் நடுவே விலக்கம் இல்லை. மாறாக, இரட்டை மின்னூட்டத்தின் இழுப்பில் நடுநிலை அணுவின் எலக்ட்ரான் மேகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இரண்டும் முன்பைவிட வலுவாக ஈர்த்துக்கொண்டு நெருங்குகின்றன. ஆற்றலைக் கணக்குப் பார்த்தால் இந்த நிலை நிலைக்கக் கூடாதது. ஓர் அணுவிலிருந்து இரண்டு எலக்ட்ரானை எடுக்க 43.4 எலக்ட்ரான் வோல்ட் ஆகும். ஆளுக்கொன்றாக எடுத்தால் 31.5-தான். நடுநிலை அணு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டால் நிறைய ஆற்றல் மிஞ்சும். மிஞ்சுவதை எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். அடிமட்ட நிலையில் இரண்டு கணக்குகளும் சமமாக வேண்டுமானால் கருக்கள் ஏறக்குறைய 1.2 ஆங்ஸ்ட்ராம் வரை நெருங்க வேண்டும், அது நடக்காது. ஆகவே எலக்ட்ரான் தாவ முடியாமல் ஜோடி நெருங்கிய நிலையிலேயே காத்திருக்கிறது. கடைசியில் மிகுதி ஆற்றலை ஒரு புற ஊதா ஒளித்துகளாக வெளியேற்றிவிட்டு எலக்ட்ரான் தாவுகிறது. அந்தக் கணமே இரண்டும் ஒற்றை மின்னூட்ட அயனிகளாகி, 2.7 ஆங்ஸ்ட்ராமிலிருந்து வெடித்துப் பிரிகின்றன. ஒளி உமிழும் மின்னூட்டப் பரிமாற்றம் என்று இதைச் சொல்லலாம்.

இந்த இடத்தில் நான் சற்று நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் இந்தத் துறையின் மிக நுட்பமான பாடம் இங்கேதான் இருக்கிறது. ஒளித்துகளை யாரும் பார்க்கவில்லை. அது பிறக்க எடுத்துக்கொண்ட நேரம் நானோ விநாடிக் கணக்கில் இருக்கும். மோதல் நேரத்தோடு ஒப்பிட்டால் பத்து லட்சம் மடங்கு. அந்தக் காத்திருப்பைக் கருவியின் கடிகாரம் நேரடியாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் காத்திருந்தது தெரிகிறது, ஏனென்றால் காத்திருந்த ஜோடி சுருங்கியிருக்கிறது, சுருங்கியது ஆற்றலில் பதிந்திருக்கிறது. படம் காட்டியது மோதலின்போது ஜோடி இருந்த நிலையை அல்ல, உடைந்தபோது இருந்த நிலையை. இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொண்டால் அணுக்களின் அமைப்பைத் தவறாகப் படித்துவிடுவோம். வேறு வேறு என்று புரிந்துகொண்டால் அமைப்பைக் காட்டும் கருவி காலத்தையும் காட்டத் தொடங்குகிறது. வெடிப்பின் துண்டுகளிலிருந்து மூலக்கூறின் வடிவத்தை அறியலாம் என்று 1989-இல் சீவ் வேகரும் அவருடைய கூட்டாளிகளும் எழுதியபோது அவர்கள் குறி வடிவத்தின்மேல் இருந்தது. பலவீனமான கொத்துகளில் அதே வழி, வடிவத்தைவிட வரலாற்றைத்தான் அதிகம் சொல்கிறது.

இதே சோதனை இன்னொன்றையும் வெளிப்படுத்தியது. எலக்ட்ரான்களைப் பறிக்கும் அயனி ஜோடியை ஒரே பொருளாகப் பார்க்கிறதா, இரண்டு தனி அணுக்களாகப் பார்க்கிறதா? சாதாரண மூலக்கூறில் எலக்ட்ரான்கள் இரண்டு கருக்களுக்கும் பொதுவானவை. பறித்தபின் மின்னூட்டம் இரு பக்கமும் பரவிவிடும். ஆர்கான் ஜோடியில் அப்படியில்லை. 2014-இல் வெளிவந்த தொடர் ஆய்வு, மின்னூட்டம் சமமாகப் பிரியாத வழிகளே மேலோங்கி நிற்பதையும், அயனிக்கு அருகில் இருந்த அணுவே அதிகம் இழப்பதையும் காட்டியது. ஓடும் அயனி எந்தப் பக்கம் வளைந்தது என்பதும் ஜோடி எந்தத் திசையில் நின்றது என்பதும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தன. அதாவது அயனி இரண்டு அணுக்களையும் பிரித்தறிகிறது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய, எளிய மாதிரி போதுமாக இருப்பது எனக்கு வியப்புத்தான். நெருங்கும் அயனி தன் மின்புலத்தால் அணுவின் எலக்ட்ரானைச் சூழ்ந்த தடுப்புச் சுவரைத் தாழ்த்துகிறது. சுவர் எலக்ட்ரானின் ஆற்றலுக்குக் கீழே இறங்கிய கணத்தில் எலக்ட்ரான் அந்தப் பக்கம் போய்விடுகிறது. ஒன்பது மின்னூட்ட அயனிக்கு இந்தக் கணக்கைப் போட்டால், ஆர்கானின் முதல் எலக்ட்ரான் 6.4 ஆங்ஸ்ட்ராம் தூரத்திலேயே பறிபோகும். இரண்டாவது ஏறக்குறைய 5.5-இல், மூன்றாவது 4.7-இல். இந்தத் தூரங்கள் ஜோடியின் நீளமான 3.8-ஐவிடப் பெரிதென்றாலும் வெகுவாகப் பெரிதல்ல. ஒரு பக்கமாகக் கடந்துபோகும் அயனியின் எட்டுக்குள் அருகிலுள்ள அணு முழுவதும் வந்துவிடும், தூரத்து அணு விளிம்பில் மாட்டும் அல்லது தப்பும். கான் நகரத்து ஆய்வாளர்கள் ஜோடியை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு அணுக்களாகவே வைத்துக் கணினியில் ஓட்டி, எந்த இடத்தில் கடந்தால் எந்த முடிவு என்று வரைபடமே போட்டுவிட்டார்கள். பறிபோகும் கணத்தில் இரண்டு அணுக்களும் தனித்தனி. பறிபோன பிறகுதான் ஒன்றையொன்று கவனிக்கின்றன.

அப்படிக் கவனிப்பதன் மிகத் தீவிரமான வடிவம் நியானில் தெரிகிறது. 1997-இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் லோரன்ஸ் செடர்பாமும் இரண்டு சக ஆய்வாளர்களும் ஒரு கணிப்பை வெளியிட்டார்கள். ஓர் அணுவின் உட்கூட்டில் ஓர் எலக்ட்ரான் காலியானால், வெளிக்கூட்டிலிருந்து ஒன்று இறங்கி அந்த இடத்தை நிரப்பும். அதனால் விடுபடும் ஆற்றல் தன் அணுவிலேயே இன்னோர் எலக்ட்ரானை வெளியேற்றப் போதாமல் இருக்கலாம். ஆனால் பக்கத்து அணுவின் எலக்ட்ரானை வெளியேற்றப் போதும் என்றால், ஆற்றல் அங்கே தாவி அதை வெளியேற்றிவிடும். பொருள் எதுவும் இங்கிருந்து அங்கே போக வேண்டியதில்லை. ஆற்றல் மட்டும் போகிறது. அணுவிடைக் கூலூம் சிதைவு என்ற பெயரில் இன்று ஒரு தனித் துறையே இதைச் சுற்றி வளர்ந்திருக்கிறது. 2003-இல் நியான் கொத்துகளில் இதற்கு முதல் சான்று கிடைத்தது. அடுத்த ஆண்டு பிராங்பர்ட் குழு நியான் ஜோடியில் இரண்டு அயனிகளையும் எலக்ட்ரானையும் ஒருசேரப் பிடித்துச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிறுவியது.

கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. நியானின் உட்கூட்டு எலக்ட்ரானை எடுக்க 48.5 எலக்ட்ரான் வோல்ட். வெளிக்கூட்டு எலக்ட்ரானுக்கு 21.6. ஜோடியில் ஆளுக்கொரு வெளிக்கூட்டு எலக்ட்ரான் போனால் 43.2, அதோடு 3.1 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் நிற்கும் இரண்டு அயனிகளின் விலக்க ஆற்றல் 4.6. மொத்தம் 47.8. கையில் இருப்பது 48.5. மிச்சம் 0.7 எலக்ட்ரான் வோல்ட். வெளியேறும் எலக்ட்ரானுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். மிக மந்தமான எலக்ட்ரான். ஆர்கானுக்கு அதே கணக்கைப் போட்டால் உட்கூட்டுக்கு 29.2, தேவைப்படுவது 35.3. வழி அடைபட்டிருக்கிறது. ஒரே குடும்பத்து வாயுக்களில் ஒன்றில் பக்கத்து அணு ஃபெம்டோ விநாடிகளில் அயனியாகிறது, மற்றதில் ஒளித்துகளுக்காக நானோ விநாடிகள் காத்துக் கிடக்கிறது. வித்தியாசம் இந்தச் சில எலக்ட்ரான் வோல்ட்டுகளில் இருக்கிறது. நியான் ஜோடியில் இந்தச் சிதைவுக்கு ஆகும் நேரத்தை 2013-இல் ஹாம்பர்க்கின் ஃபிளாஷ் லேசரைக் கொண்டு அளந்தபோது 150 ஃபெம்டோ விநாடி என்று வந்தது.

ஹீலியம் இதன் எல்லை. இரண்டு ஹீலியம் அணுக்கள் சேர்ந்த ஜோடியில் சராசரித் தூரம் ஏறக்குறைய 50 ஆங்ஸ்ட்ராம். ஒன்றின் இருப்பு மற்றதற்குத் தெரியுமா என்று ஐயுறும் தூரம். அதிலும் இந்தச் சிதைவு நடப்பதை 2010-இல் பார்த்துவிட்டார்கள்.

உட்கூட்டில் காலியிடம் உண்டாக்க எக்ஸ் கதிரோ வேகமான துகளோ வேண்டும், மெதுவான அயனி வெளிக்கூட்டு எலக்ட்ரான்களோடு திருப்தியடைந்துவிடும் என்பதுதான் பொதுக் கருத்தாக இருந்தது. 2015-இல் வெளியான கான் நகரத்து ஆய்வு அதைக் கலைத்தது. மூன்று மின்னூட்ட ஆக்சிஜன் அயனியை நியான் ஜோடியின்மேல் மெதுவாக ஏவினார்கள். ஒரே ஓர் எலக்ட்ரான், அதுவும் உட்கூட்டிலிருந்து, பறிபோன நிகழ்ச்சிகள் கிடைத்தன. அவற்றைத் தொடர்ந்து அணுவிடைச் சிதைவும், மந்த எலக்ட்ரானும். பறித்த அயனியே பின்னால் உதறும் எலக்ட்ரான்களைவிட இந்த வழியில் வந்தவை பத்து மடங்கு. ஒன்பது மின்னூட்ட ஆர்கானையும் இருபது மின்னூட்ட செனானையும் ஏவியபோது இப்படி எதுவும் வரவில்லை. தலைகீழாகத் தோன்றும் இந்த முடிவுக்கு அதே தடுப்புச் சுவர் மாதிரி விளக்கம் தருகிறது. மின்னூட்டம் மிகுந்த அயனி வெகு தூரத்திலிருந்தே வெளிக்கூட்டை உருவத் தொடங்கிவிடும். உட்கூட்டை எட்டும் அளவு நெருங்குவதற்குள் அணு பல எலக்ட்ரான்களை இழந்திருக்கும். மூன்று மின்னூட்ட அயனியோ நெருங்கி வந்த பிறகே பறிக்கிறது. எது அதிக வலுவானதோ அதுவே ஆழமாகத் தாக்கும் என்ற எதிர்பார்ப்பு இங்கே செல்லுபடியாகவில்லை.

மந்த எலக்ட்ரான்களைப் பற்றி இவ்வளவு அக்கறை ஏன்? 2000-இல் கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் லியோன் சான்ஷின் குழு, 3 முதல் 20 எலக்ட்ரான் வோல்ட் வரையுள்ள எலக்ட்ரான்கள்கூட டிஎன்ஏ இழைகளை அறுக்கும் என்று காட்டியது. அதுவரை அவ்வளவு மந்தமானவை தீங்கற்றவை என்று ஒதுக்கப்பட்டிருந்தன. 2010-இல் இரண்டு குழுக்கள், ஒன்று நீர் ஜோடியிலும் மற்றது நீர்க் கொத்துகளிலும், அணுவிடைச் சிதைவு நடப்பதை நிறுவின. உடலில் பெரும்பகுதி நீர். புற்றுக் கட்டியின்மேல் கார்பன் அயனிகளைச் செலுத்தும் சிகிச்சை ஜப்பானின் சிபாவில் 1994 முதல் நடந்துவருகிறது. அந்த அயனி திசுவுக்குள் வேகம் குறைந்து, பாதையின் கடைசிச் சிறு பகுதியில்தான் ஆற்றலில் பெரும்பங்கைக் கொட்டுகிறது. முற்றிலும் நின்றுபோகும் முன், வழியில் எலக்ட்ரான்களை ஏற்று மின்னூட்டம் குறைந்து, சில மின்னூட்டமே உள்ள மெதுவான அயனியாகிறது. நியான் ஜோடி ஆய்வில் ஏவியது ஏறக்குறைய அப்படிப்பட்ட அயனியைத்தான். ஆனாலும் வெற்றிடத்தில் பறக்கும் இரண்டு நியான் அணுக்களிலிருந்து நேரே மருத்துவமனைக்குத் தாவும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. திசுவில் ஒரு மூலக்கூறுக்கு ஓர் அண்டை இல்லை, பல அண்டைகள். ஜோடி தருவது ஒரு வழி இருக்கிறது என்ற உறுதியும் அதன் கணக்கும்; அந்த வழி மற்ற வழிகளோடு போட்டியிட்டு எவ்வளவு தேறும் என்பது தனியாக அளக்கப்பட வேண்டியது.

அந்தத் திசையில் அடுத்த படி, மந்த வாயுக்களை விட்டு உண்மையான மூலக்கூறுகளுக்குப் போவது. நைட்ரஜன் மூலக்கூறுகள் இரண்டு சேர்ந்த ஜோடியின்மேல் ஒன்பது மின்னூட்ட ஆர்கானை ஏவிய ஆய்வு 2017-இல் வந்தது. மூன்று நான்கு எலக்ட்ரான்கள் பறிபோனதும் முதலில் இரண்டு மூலக்கூறுகளும் விலகத் தொடங்குகின்றன. பிறகு அவற்றில் ஒன்று, மற்றதன் மின்புலத்துக்குள் இருக்கும்போதே, இரண்டு அணுக்களாக உடைகிறது. வலுவான வேதிப் பிணைப்புள்ள நைட்ரஜன் தனியாக உடைவதும், பக்கத்தில் ஓர் அயனி நிற்க உடைவதும் ஒன்றல்ல என்று துண்டுகளின் ஆற்றல் சொன்னது. 2020-இல் சீனாவின் லான்ஜோ நகரத்து ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு, ஒரு நைட்ரஜன் மூலக்கூறும் ஓர் ஆர்கானும் ஒட்டிய கொத்தை அயனியால் தாக்கியபோது இன்னும் விசித்திரமானதைக் கண்டது. உடைந்த நைட்ரஜனின் ஒரு பாதி விலகி ஓடாமல் ஆர்கானைப் பற்றிக்கொண்டு, ஆர்கானும் நைட்ரஜனும் சேர்ந்த அயனியாகப் புறப்பட்டது. புரோட்டான் போன்ற இலேசான துகள்கள் இப்படிக் கை மாறுவது பழகிய காட்சி. நைட்ரஜன் அதைப்போல் பதினான்கு மடங்கு கனமானது.

அடுத்த எல்லை கருவியில் இருக்கிறது. கண்ணாடி வட்டில் துளைகள் இருக்கும் பரப்பு முழுப் பரப்பில் ஏறக்குறைய அறுபது விழுக்காடுதான். துளைகளுக்கு நடுவே விழும் அயனி பெரும்பாலும் கணக்கில் வராது. ஒன்றைப் பிடிக்க அறுபது விழுக்காடு வாய்ப்பு என்றால், இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முப்பத்தாறு. நான்கையும் பிடிக்கப் பதின்மூன்று. நீர் சூழ்ந்த ஒரு சிறு கரிம மூலக்கூறு ஐந்தாறு துண்டுகளாக உடைந்தால் முழுமையாகப் பிடிபடுவது நூற்றில் ஐந்து எட்டுக்கு மேல் போகாது. மின்னூட்டம் இல்லாத துண்டு தட்டில் விழவே விழாது. மற்றவற்றின் உந்தங்களைக் கூட்டிக் குறைவதைக் கண்டு அதன் பங்கை ஊகிக்க வேண்டும், அப்படி ஒன்று மட்டும் இருந்தால்தான் அதுவும் முடியும். துளைகளின் வாயைப் புனல்போல அகலப்படுத்திய புதிய வட்டுகள் பிடிபடும் வாய்ப்பைக் கணிசமாகக் கூட்டுகின்றன. 2018-இல் ஹைடல்பெர்கிலிருந்து வந்த ஆய்வு ஒரு நீர் மூலக்கூறும் ஒரு டெட்ராஹைட்ரோபியூரானும் சேர்ந்த ஜோடியை எலக்ட்ரானால் தாக்கி, நீரில் விழுந்த அடியின் ஆற்றல் பக்கத்திலிருந்த கரிம வளையத்துக்குத் தாவுவதைப் பிடித்தது. டிஎன்ஏவின் முதுகெலும்பிலுள்ள சர்க்கரை வளையத்துக்கு ஆய்வாளர்கள் மாற்றாக எடுத்துக்கொள்ளும் எளிய மூலக்கூறு அது. அதே ஜோடியை எலக்ட்ரானுக்குப் பதில் மெதுவான, சில மின்னூட்டமே உள்ள கார்பன் அயனியால் தாக்கி, எல்லாத் துண்டுகளையும் வெளியேறும் மந்த எலக்ட்ரானையும் ஒருசேரப் பிடிக்க முடிந்தால், கட்டியின் விளிம்பில் நின்றுபோகும் அயனி நீருக்குக் கொடுத்ததில் எவ்வளவு வளையத்தைப் போய்ச் சேர்கிறது என்பதை எண்ணாகவே எழுதிவிடலாம்.